பனிக்கும் பெருமழைக்கும் இடையில் பத்து வாரங்கள்

நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தை வசந்த காலமென்று கொண்டாடுகிறார்கள். மலர்க் கண்காட்சியும் கிரகரி வாவிக் கரையின் கூட்டமுமாக நகரம் நிறைந்துவிடும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம் ஐந்து பாத்திகள் வைத்திருக்கும் எனக்கு, வசந்தம் என்பது பனி ஓய்ந்ததற்கும் வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கும் இடையில் கிடைக்கும் ஏறத்தாழப் பத்து வாரங்கள்தான். மாசிக் கடைசியில் மண்ணைக் கொத்தத் தொடங்கினால்தான் செடிகள் வேர்பிடித்து, பெருமழையைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்து நிற்கும்.

விதை வாங்குவதற்கு முன்பே நான் கானை, அதாவது மழைநீர் வடியும் வாய்க்காலைத்தான் பார்ப்பேன். மேலே தேயிலை மலையிலிருந்து வழியும் தண்ணீர் எங்கள் பாத்திகளைக் கடந்துதான் கீழே போகிறது. அப்பா பல வருடங்கள் மலையில் கான் வெட்டியவர். சரிவுக்குக் குறுக்கே, தண்ணீர் ஓடாமல் நடக்கும் அளவுக்கு மட்டும் வாட்டம் கொடுத்து, இடையிடையே மண் தங்குவதற்குக் குழி விட்டு வெட்ட வேண்டுமென்று அவர்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தார். மழைக்குப் பிறகு அந்தக் குழிகளில் படியும் கறுத்த மண்ணைக் கூடையில் அள்ளி, மேல் பாத்தியிலேயே மறுபடியும் கொட்டுகிறேன். போட்ட மாட்டெருவில் பாதி அந்த மண்ணோடுதான் வந்து கிடக்கிறது. அதை ஆற்றில் போக விட எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது மண்ணின் புளிப்பு. எங்கள் பாத்திகள் முன்பு தேயிலை நின்ற இடம். புளிப்பை pH என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை சுகமாக இருக்கும். மரக்கறிகளில் பெரும்பாலானவை 6க்கு மேல் கேட்கும். வாசலோரத்து ஹைட்ரேஞ்சியா கருநீலமாகப் பூப்பதும் இதே காரணத்தால்தான்: புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிய பாத்திக்குப் பக்கத்தில் நின்ற ஒரு செடி மட்டும் அடுத்த பருவத்தில் வெளிர் சிவப்பாகப் பூத்ததை அம்மா அதிசயமாக எல்லோரையும் அழைத்துக் காட்டினார்.

மூன்று வருடங்களுக்கு முன் டொலமைட் போடாமல் அவசரப்பட்டுக் கோவா (முட்டைக்கோஸ்) நட்டேன். நகரத்தில் வாங்கிய நாற்றுகள். பார்க்க நன்றாகவே இருந்தன. ஒரு மாதம் கழித்து, நண்பகலில் இலைகள் வாடித் தொங்குவதும் மாலையில் மீண்டும் நிமிர்வதுமாக இருந்ததால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான், மெல்லிய வேர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கைப்போலத் திரண்ட முடிச்சுகள் இருந்தன. அழுத்தியபோது கெட்ட நாற்றம் வந்தது. அந்த வேர் நோய்க்கிருமியின் வித்திகள் மண்ணில் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். புளித்த, ஈரமான மண் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. பிடுங்கிய செடிகளைக் கூட்டெருக் குழியில் போடாமல் எரித்தேன். கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் இன்றுவரை அந்தப் பாத்தியில் அவற்றை நடுவதில்லை. போஞ்சியும் லீக்ஸும் மாறி மாறிப் போடுகிறேன். அதன் பிறகு நடுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே டொலமைட்டைத் தூவிக் கிளறி விடுவது, எருவை அதனுடன் சேர்க்காமல் தனியே பிறகு இடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

பங்குனி நடுவில் கொடிப் போஞ்சியை ஊன்றி, முளைத்த உடனேயே கம்பு நட்டுவிட வேண்டும். பிந்தினால் கம்பு இறங்கும்போது வேர் அறுபடும். கரட்டை நேரடியாக விதைத்து, விரல் நீளம் வந்ததும் நெருக்கமாக நிற்பவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடுகிறேன். கரட்டுக்குப் பச்சை எரு கூடவே கூடாது, கிழங்கு இரண்டாகப் பிளக்கும். லீக்ஸ் நாற்றை ஆழமாக நட்டு, வளர வளர மண் அணைத்தால் வெள்ளைத் தண்டு நீளும்.

மழை இறங்கிய பின் முழுக் கவனமும் தக்காளியின் மேல்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலை ஓரத்தில் தண்ணீர் ஊறியதுபோல ஒரு கரும்பச்சைப் புள்ளி விழும். அடுத்த சில நாட்களில் செடியே கருகிவிடும். உருளைக்கிழங்கையும் தாக்குவது இதே வெளிறல் நோய் என்பதால் இரண்டையும் அருகருகே நடுவதில்லை. தக்காளிக்கு மேலே பொலித்தீன் கூரை போட்டு, தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளி, மானாப்புல்லை அறுத்து அடியில் பரப்புகிறேன். புல்லுக்கடியில் நத்தைகள் பதுங்கும் என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் டோர்ச் லைட்டுடன் ஒரு சுற்றுப் போக வேண்டியிருக்கிறது.

பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. எங்களுக்கு மழை கொட்டும் ஆடியில் அங்கே கச்சான் காற்று மண்ணை உலர்த்திவிடும். அவர் சித்திரை மழையில் நட்டு, பிறகு வாளியும் கையுமாக நிற்பார். தொலைபேசியில் அவர் தண்ணீர் இல்லை என்கிறார், நான் தண்ணீர் வடியவில்லை என்கிறேன்.

இந்த வருடம் மேல் பாத்தியின் கான் ஓரத்தில் சரிவு காண்கிறது. பருவமழைக்கு முன்னால் அங்கே இரண்டு வரிசை மானாப்புல் வைத்துவிடலாமென்று, அடுத்த லயத்து மாமாவிடம் தூர்கள் கேட்டிருக்கிறேன்.