குமரி கரையில ஒரு கூலிங் கிளாஸ் வண்டி

கன்னியாகுமரிக்கு எனக்கு இது நாலாவது தடவை, அப்பாவுக்கு எத்தனாவதுன்னு அவருக்கே கணக்கு இல்ல, ஆனா 2024 டிசம்பர் கடைசியில கண்ணாடிப் பாலம் திறந்ததுக்கப்புறம் ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் தடவைங்கறதால காலைலயே போட்டுக்கு லைன்ல போய் நின்னுட்டோம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர், காலுக்குக் கீழ கடல் நுரை தள்ளிக்கிட்டு போகும். அப்பா நல்லா குனிஞ்சு பாத்துட்டு, முகத்துல அடிச்ச சாரலைத் துடைக்கலாம்னு கண்ணாடியைக் கழட்டுனாரு, ஒரு பக்கத்துக் கால் தனியா கையோட வந்துருச்சு. ஸ்க்ரூ எங்க விழுந்துச்சுன்னே தெரியல. போன மாசம் நான் ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்த ஃப்ரேம் அது, மூக்குல வழுக்குது வழுக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு, நான்தான் பழகிரும்பான்னு சொல்லி விட்டுட்டேன்.

கரைக்கு வந்ததும் சங்கு பாசி கடைகளுக்கு நடுவுல ஒரு கூலிங் கிளாஸ் வண்டி. தெர்மாகோல் அட்டையில வரிசையா குத்தி வெச்சிருக்கு, ஓரத்துல கயித்துல ஒரு சின்ன கண்ணாடி தொங்குது, காத்துக்கு அது ஆடிட்டே இருக்கறதால முகம் பாக்கறவங்களும் கூடவே தலையை ஆட்ட வேண்டியிருக்கு. வண்டிக்கார அக்கா கீழ்த்தட்டுல ரீடிங் கிளாஸும் வெச்சிருந்தாங்க. ஒரு பழைய தினத்தந்தித் தாளை எடுத்து அப்பா கையில கொடுத்து, ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க ஐயா, எதுல எழுத்து தெளியுதோ அதான் உங்க பவருன்னாங்க. எனக்கு அந்த நிமிஷம் நியூயார்க் ஞாபகம் வந்துருச்சு, நிஜமாத்தான்.

2019ல தம்பி வீட்டுக்குப் போனப்ப ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்ல மாஸ்காட்னு ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். மஞ்சள் போர்டுல பெரிய மூக்குக் கண்ணாடி படம் போட்டிருக்கும். ஜானி டெப் போடறாரே அந்தக் கட்டி ஃப்ரேம், லெம்டோஷ், அது இவங்களோடதுதான். 300 டாலர் பக்கம் விலை சொன்னாங்க, மரியாதையா கழட்டி வெச்சுட்டு வந்துட்டேன். ஆனா கடையோட கதை மட்டும் மனசுலயே நின்னுருச்சு. ஹைமன் மாஸ்காட்னு ஒருத்தர், 1899ல கிழக்கு ஐரோப்பாவுல இருந்து வந்து இறங்குன யூதர், இதே ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்ல தள்ளுவண்டி வெச்சு ரெடிமேட் கண்ணாடி வித்திருக்காரு. அது தையல் வேலைக்காரங்க நெருக்கியடிச்சு வாழ்ந்த ஏரியா, ஊசியில நூல் கோக்கறதுக்குக் கண்ணு தெரியலேன்னா அன்னிக்குக் கூலி போச்சு, அப்ப அந்த வண்டி அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1915ல பக்கத்துலயே ரிவிங்டன் ஸ்ட்ரீட்ல கடை போட்டுட்டாரு. மகன் சால் சின்ன வயசுலயே கடைக்குள்ள வந்தவர், அவருக்கப்புறம் ஜோயல், அப்புறம் ஹார்வி, இவர் கண் பரிசோதனைக்கே படிச்ச ஆப்டோமெட்ரிஸ்ட். இப்ப டிசைன் பண்றது அவர் பையன் ஜாக், அஞ்சாவது தலைமுறை. 1936ல ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்டும் டெலான்சி ஸ்ட்ரீட்டும் சேர்ற முனையில, ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட் 118ஆம் நம்பர் கட்டடத்துக்கு மாறி 2013 வரைக்கும் அங்கயேதான், 77 வருஷம், அப்புறமும் ஊரை விட்டுப் போகாம அதே ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்ல 108க்கு மாறிக்கிட்டாங்க. (பாலமும் 77 மீட்டர், சும்மா தோணுச்சு.) ஃப்ரேமுக்கு வைக்கிற பேரெல்லாம் லெம்டோஷ், மில்ட்ஸன், யுகெல்னு கிழக்கு ஐரோப்பா யூதர்கள் பேசுன, தாத்தா காலத்து யித்திஷ் பாஷை வாசனையோடதான் இருக்கும். டிசைனர் பிராண்ட்னு சொன்னாலே நமக்கு ஃபேஷன் ஷோதான் ஞாபகம் வரும், இவங்க அடிப்படை என்னவோ எதிர்ல நிக்கிற ஆளோட மூக்கும் காதும்தான். எனக்கு அதுல அப்படி ஒரு மரியாதை.

அக்காகிட்ட ஸ்க்ரூ இல்ல, நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போங்க அங்க ஆப்டிக்கல் இருக்குன்னாங்க. நாகர்கோவில் பஸ்ஸைப் புடிச்சோம், வழியில மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி ரெண்டு பேரும் பாதியைக் காலி பண்ணிட்டோம்.

கடை சின்னதுதான், ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் வாசல்ல. அம்பது வயசு இருக்கும் கடைக்காரருக்கு. ஸ்க்ரூ போட ரெண்டு நிமிஷம் கூட ஆகல, ஆனா ஃப்ரேமைத் திருப்பிக் கொடுக்காம அப்பா முகத்தையே பாத்துட்டு இருந்தாரு. "ஃப்ரேம்ல கேடு ஒண்ணும் இல்ல கேட்டியளா, ஐயாவுக்கு இடது காது கொஞ்சம் எறக்கம், அதான் சரியுது." சொல்லிட்டு ஹீட்டரைப் போட்டாரு. சூடான காத்துல கண்ணாடிக் கால் நுனியைக் காட்டி, கட்டை விரலால அழுத்தி அழுத்திப் பாத்து, இளகுன பதம் தெரிஞ்சதும் ஒரே வளைவு, அப்புறம் பச்சைத் தண்ணியில ஒரு முக்கு. அப்பா காதுல மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னாடி விரல் வெச்சுத் தடவிப் பாத்தாரு. மறுபடி கழட்டி இன்னும் ஒரு நூல் வளைச்சாரு. இப்படி மூணு தடவை. மாஸ்காட்ல விக்கிற அந்தக் கட்டி ஃப்ரேமுக்கான அசிட்டேட்ங்கற பிளாஸ்டிக், பருத்தியில இருந்தும் மரக்கூழுல இருந்தும் வர்ற சரக்கு, சூடு காட்டுனா இளகும் ஆறுனா நிக்கும், அதனாலதான் அதை ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியா பொருத்த முடியுது.

வண்டியில ரீடிங் கிளாஸ் பாத்ததைச் சொன்னேன். சிரிச்சாரு. "எங்க பாட்டாவும் அப்பிடித்தான் சார் தொடங்குனது, குமரி கோயிலுக்குப் போற வழியில ஒரு சாக்கு விரிச்சு. ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் அதுல, படிக்கதுக்குக் கொள்ளாம், ஆனா கண்ணுக்குக் கண்ணு வித்தியாசம் உள்ளவங்களுக்கு அது ஒக்காதுல்லா, அதனால அப்பா டெஸ்ட் படிச்சாவ." மாஸ்காட் கதையை நான் சொல்லச் சொல்ல, கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. அஞ்சு தலைமுறையான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, உள்பக்கம் எட்டிப் பாத்தாரு. அவர் பொண்ணு லென்ஸ் உரசற மெஷின்கிட்ட நின்னுட்டு இருந்துச்சு, ஆப்டோமெட்ரி ரெண்டாம் வருஷமாம், லீவுல வந்திருக்கு. "கேட்டியா மக்ளே"ன்னாரு. "கேட்டேன் பா"ன்னு அது தலையை நிமிராமலேயே சொல்லுச்சு.

ஸ்க்ரூவுக்கு இருபது ரூபா வாங்கிக்கிட்டாரு, வளைச்சதுக்கு வேண்டாம்னுட்டாரு, எவ்வளவு சொல்லியும் கேக்கல. மிச்சம் இருந்த மட்டிப்பழத்தை அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்துட்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டுல அப்பா குனிஞ்சாரு, நிமிர்ந்தாரு, தலையை ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாத்தாரு, கண்ணாடி அசையல. தூரத்துல திரும்பிட்டு இருந்த பஸ்ஸோட போர்டை எனக்கு முன்னாடி அவர்தான் படிச்சாரு, தக்கலை வழி மார்த்தாண்டம்னு.