புள்ளியா, திட்டா? எக்ஸ் கதிரில் கேலக்ஸிக் கொத்துகளைத் தேடுவது

கேலக்ஸிக் கொத்து என்றால் நெருங்கி நிற்கும் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள்தான் நினைவுக்கு வரும். எடை போட்டால் அவை சில சதவீதம்தான் தேறும். இடையில் நிரம்பியிருக்கும் வாயு அதைவிடப் பல மடங்கு; ஏறத்தாழ 85 சதவீதம், ஒளி உமிழாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள். வாயுவின் சூடு 1 கோடியிலிருந்து 10 கோடி கெல்வின் வரை. அடர்த்தியோ லிட்டருக்கு ஒன்றிரண்டு துகள். அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் அயனிகளின் அருகே பாயும்போது வழி வளைந்து எக்ஸ் கதிரை உமிழ்கின்றன.

இந்த ஒளி அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சாதாரணத் தொலைநோக்கியில், ஒரே திசையில் முன்னும் பின்னுமாக இருக்கும் கேலக்ஸிகள்கூடக் கொத்துபோல ஏமாற்றும். எக்ஸ் கதிரில் அந்த ஏமாற்று அவ்வளவாகச் செல்லாது. ஆழமான ஈர்ப்புக் குழியில் வாயு குவிந்திருந்தால்தான் ஒளிரும். ஆனால் அதே வர்க்கம்தான் பின்னால் வில்லங்கமும் செய்கிறது.

2019 ஜூலை 13 அன்று ஸ்பெக்டர்-ஆர்ஜி விண்கலத்தில் போன ஈரோசிட்டா என்ற எக்ஸ் கதிர்க் கருவியை எடுத்துக்கொள்வோம். 7 தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய 54 கண்ணாடிகள். 4 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றி, 6 மாதத்தில் வானம் முழுவதையும் துழாவிவிடும். பார்வை அகலம் சுமார் 1 பாகை என்பதால், ஒரு சுற்றில் ஒரு பொருள் அதிகபட்சம் 40 வினாடிதான் கண்ணில் படும். சூரியப் பாதையை ஒட்டிய இடங்களுக்கு எல்லாம் கூட்டினாலும் சில நிமிடம். அதன் துருவங்களில் மட்டும் தாராளம்.

வானம் முழுவதையும் 6 மாதம் துழாவிய முதல் சுற்றாய்வில் ஜெர்மனியின் பங்கான பாதி வானத்தின் தரவு 2024 ஜனவரி 31 அன்று வெளியானது. ஏறத்தாழ 9 லட்சம் எக்ஸ் கதிர் மூலங்கள்; அவற்றில் உறுதியான கொத்துகள் 12,247. மற்றவற்றில் பெரும்பங்கு, கருந்துளை வாயுவை விழுங்குவதால் ஒளிரும் கேலக்ஸி மையங்கள். ஆக, வேலை கண்டுபிடிப்பதில் இல்லை, பிரிப்பதில்.

0.2 முதல் 2.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) படமாக்கி, பின்னணியைக் கழித்து, எஞ்சும் ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு மாதிரிகளைப் பொருத்துவார்கள்: கருவியின் மங்கலில் கரைந்த புள்ளி, அதே மங்கலில் கரைந்த படர்ந்த திட்டு. இரண்டாவது எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண். 3-ஐத் தாண்டினால் பட்டியலில் இடம். அண்டவியல் கணக்குக்கு 6 வேண்டும், தூரத்துக்கும் வரம்பு உண்டு. அப்போது எஞ்சுவது 5,259.

சிக்கல் அந்த மங்கலில்தான். சுற்றாய்வில் அது சுமார் 30 வில்விநாடி (ஒரு பாகையில் 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்தில் 60 வில்விநாடி). ஒரு கொத்தின் 200 கிலோபார்செக் (சுமார் 6.5 லட்சம் ஒளியாண்டு) மையப்பகுதி, செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு; தூரம் கூடக் கூடும்) 0.1-இல் 2 வில்நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், தப்பவே தப்பாது. அதையே செம்பெயர்ச்சி 1-க்குத் தள்ளினால் 25 வில்விநாடி. கையில் பத்துப் பன்னிரண்டு ஃபோட்டான் இருக்கும்போது திட்டுக்கும் புள்ளிக்கும் என்ன வித்தியாசம் சொல்வது? 140 சதுரப் பாகை முன்னோட்ட ஆய்வில், புள்ளிகள் என்று ஒதுக்கிய பட்டியலுக்குள்ளிருந்து 346 கொத்துகளைச் சாதாரண ஒளியில் எடுத்த படங்களின் துணையோடு மீட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: அடுத்தடுத்த இரு புள்ளிகள் கலந்து திட்டாக நடிக்கும், சூப்பர்நோவா எச்சமும் உள்ளே நுழையும்.

அதனால் சாதாரண ஒளிப் படங்களோடு சரிபார்ப்பது கட்டாயம். ஒரே செந்நிறத்தில் கூடி நிற்கும் முதிய கேலக்ஸிகள் இருந்தால் கொத்து உறுதி. அந்த நிறமே செம்பெயர்ச்சியையும் மதிப்பிட்டுத் தந்துவிடும்.

முன்பே சொன்ன வில்லங்கம் இதுதான்: மையத்தில் வாயு குளிர்ந்து அடர்ந்திருந்தால் நிறைக்கு மீறிய பிரகாசம் வரும். கருவிக்குத் தெரியும் குறைந்தபட்ச பிரகாச வரம்பை ஒட்டி அத்தகையவையே அதிகம் பிடிபடும். பிரகாசத்தை அப்படியே நிறையாக மாற்றினால் கணக்கு சாயும். எனவே நிறை அளவுகோலை ஈர்ப்பு வில்லை விளைவிலிருந்து (பின்னாலுள்ள கேலக்ஸிகளின் ஒளியைக் கொத்தின் ஈர்ப்பு வளைக்கும் அளவிலிருந்து) தனியாகப் பெறுகிறார்கள். எவை தப்பின என்பதைக் கணினியில் போலி வானம் படைத்து, அதே மென்பொருளில் ஓட்டி எண்ணுகிறார்கள். பட்டியலைவிட இந்தத் தப்பியவர் கணக்குதான் மதிப்புள்ளது என்பேன்.

2022 பிப்ரவரியில் கருவி நிறுத்தப்படும் முன் வானம் முழுவதற்குமான 4 சுற்றாய்வுகள் முடிந்திருந்தன. நான்கையும் கூட்டினால் ஃபோட்டான் 4 மடங்கு. ஆனால் பின்னணியும் கூடவே ஏறுவதால், கொத்தின் மங்கலான ஓரங்களில் தெளிவு 2 மடங்குதான்.