அபினை விற்றுக்கொண்டே அபினை விலக்கிய அரசு

மதுவை விலக்கும் பொறுப்பும் மதுவுக்குத் தீர்வை வாங்கும் பொறுப்பும் ஒரே துறையிடம் இருப்பதைக் குறித்து, சேப்பாக்கம் எழிலகம் அரசு அலுவலக வளாகத்தில் உள்ள ‘மதுவிலக்கு, ஆயத்தீர்வை’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துச் சிரிக்கும் சென்னைவாசிகள் பலர் உண்டு. ஆங்கிலேயர் காலத்து அபின் நிர்வாகத்தைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபின் சட்டங்களின்படி, அபின் தரும் கசகசாச் செடியைப் பயிரிடவே உரிமம் வேண்டும். வங்காள ஏஜென்சி என்ற அரசு அபின் நிர்வாகத்தின் கீழிருந்த பகுதிகளில் விளைந்த அபின் முழுவதையும் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். பாட்னா, காஜிப்பூர் ஆலைகளில் உருவான அபினின் பெரும்பகுதி கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டுச் சீனாவுக்குப் போயிற்று. எஞ்சியது உள்நாட்டு உரிமக் கடைகளுக்கு வந்தது. (அதே செடியின் விதையைத்தான் நாம் குருமாவுக்கு அரைக்கிறோம், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களிடம் பெட்டியில் கசகசா வைக்காதே என்று எச்சரிப்பது இதனால்தான்.) சென்னை மாகாணத்துக்கு அபின் வடக்கிலிருந்தே வந்தது, அதன் விற்பனையை, மது, போதைப்பொருள் தீர்வைக்கான ஆப்காரி நிர்வாகம் கவனித்தது.

குறைந்த நுகர்விலிருந்து நிறைந்த வருவாய் என்பதே ஆப்காரிக் கொள்கையாகச் சொல்லப்பட்டது. விலையை உயர்த்தினார்கள், கடைகளைக் குறைத்தார்கள், ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு விதித்தார்கள். இவற்றால் நுகர்வு குறையவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கஜானாவுக்கு நஷ்டம் வராத தூரம் வரைதான் இந்த முயற்சிகள் நீண்டன என்பதே என் கணிப்பு.

இங்கிலாந்திலேயே எதிர்ப்பு கிளம்பி, 1893-ல் பிராசி பிரபு தலைமையில் ஒன்பது பேர் கொண்ட அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அளவோடு உண்பதால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தேவையில்லை என்று அது 1895-ல் அறிக்கை தந்தது; ஹென்றி வில்சன் என்ற உறுப்பினர் மட்டும் அதை ஏற்காமல் தனிக்குறிப்பு எழுதினார். காய்ச்சலுக்கு அபின் மருந்து என்ற வாதம் அப்போது வலுவாக முன்வைக்கப்பட்டது. பின்னாளில் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஆறு சேர் (ஒரு சேர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு) என்ற அளவுகோலை வகுத்து, சென்னை மாகாணத்தின் கோதாவரி மாவட்டம் அதை வெகுவாகத் தாண்டி நின்றபோதும், அங்குள்ள மலைக்காட்டு மக்கள் காய்ச்சலுக்கு அஞ்சியே அபின் உண்கிறார்கள் என்ற சமாதானம்தான் வந்தது.

இந்த வாதத்தை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. ஏனெனில் இதே சென்னை அரசு 1860களிலிருந்து நீலகிரியில் சின்கோனா மரத் தோட்டங்களை வளர்த்து, நடுவட்டத்தில் ஆலை வைத்து, அம்மரப் பட்டையிலிருந்து கொய்னா (குயினைன்) மருந்து தயாரித்துக்கொண்டிருந்தது. காய்ச்சலைப் போக்கும் உண்மையான மருந்தைத் தானே உற்பத்தி செய்த அரசு, கோதாவரிக் காடுகளில் அபின் கடையையும் நடத்திவிட்டு, மக்களின் மருத்துவத் தேவையைக் காரணம் காட்டியதை எப்படி எடுத்துக்கொள்வது? கோதாவரி மட்டுமன்று, கல்கத்தா, பம்பாயுடன் சென்னை நகரமும் அந்த அளவுகோலை மீறியது. நகரவாசிகளுக்கு அந்தக் காட்டுக்காய்ச்சல் விளக்கம் பொருந்தாது.

1920களில் காந்தியின் இயக்கத்தாரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் சி. எப். ஆண்ட்ரூசும் அசாமில் அபினுக்கு எதிராகப் பணியாற்றினர். 1926-ல் இந்திய அரசு, மருந்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அல்லாத ஏற்றுமதியை ஆண்டுதோறும் குறைத்து 1935 இறுதிக்குள் நிறுத்துவதாக அறிவித்தது. வெளிநாட்டார் விஷயத்தில் கெடு வைக்க முடிந்தது; உள்நாட்டுக் கடைகளுக்கு அத்தகைய நாடு தழுவிய கெடு வைக்கப்படவில்லை.

அந்தக் கெடு விடுதலைக்குப் பிறகே வந்தது. 1949-ல் கூடிய அகில இந்திய அபின் மாநாடு, மருத்துவத்துக்கு அல்லாத விற்பனையைப் படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டுகளில் நிறுத்துவதென்று முடிவெடுத்தது. அதன்படி 1959-ல் கடை விற்பனை நிறுத்தப்பட்டு, நீண்ட நாள் பழக்கத்தால் விட முடியாதவர்களுக்கு மட்டும் பதிவு செய்து அளந்து கொடுக்கும் முறை மிஞ்சியது.