தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைத்த அனுபவம்

பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்களில் சிலரிடம் இத்தகைய துப்பாக்கிகளை இன்றும் காணலாம். பெரும்பாலும் தந்தை காலத்து உரிமம், பின்னர் மகன் பெயருக்கு மாற்றப்பட்டதாக இருக்கும். நினைத்தபோது காட்டுப்பன்றியைச் சுட்டுவிட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், வாழைக்கன்றையும் சேனைக்கிழங்கையும் கிளறிப்போட வரும் கூட்டத்தை வானத்தை நோக்கி ஒரு வேட்டு வைத்துக் கலைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஆனாலும் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் காவல் நிலையத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்களைப் போன்றவர்களைத்தான்.

2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே தலைமைக் காவலர் தொலைபேசியில் அழைத்து, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒப்படைத்துவிடும்படி கூறினார். தேர்தல் ஆணையத்தின் அறிவுரைப்படி, ஒவ்வோர் உரிமத்தையும் ஆய்வுக்குழு தனித்தனியே பரிசீலித்து, பிணையில் வெளிவந்தவர்கள், குற்றப் பின்னணி உடையவர்கள், முந்தைய தேர்தல்களில் கலவரத்தில் ஈடுபட்டவர்கள் போன்றோரிடமிருந்து ஆயுதங்களைப் பெற்று வைக்க வேண்டும். நடைமுறையில், வங்கிக் காவலர் போன்ற விலக்கு பெற்றவர்களைத் தவிர மற்ற அனைவருக்கும் அழைப்பு வந்துவிடுகிறது. எழுத்து மூலமான அறிவிப்பு உண்டா என்று கேட்டேன். "எல்லாரும் கொடுத்துட்டாங்க அண்ணாச்சி, நீங்கதான் பாக்கி" என்று சிரித்தாலும், மறுநாள் காவலர் ஒருவர் மூலம் அறிவிப்பை அனுப்பி வைத்தார். சட்டத்தைப் பேசி வாதிடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தத் தாள் இல்லாமல் துப்பாக்கியோடு வீட்டை விட்டுக் கிளம்புவதிலும் விருப்பமில்லை.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியை முழுவதும் மூடிய உறையில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன. குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் துணி உறைக்குள் வைத்து, தோட்டாக்களைத் தனிப் பெட்டியில் போட்டு, உரிமப் புத்தகத்தின் அசலையும் அறிவிப்பையும் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டேன். காரைத் தங்கை மகன் ஓட்டினான்.

ஊர் விலக்கைத் தாண்டியதும் பறக்கும் படை எங்களை நிறுத்தியது. வருவாய்த்துறை அலுவலர் ஒருவர், இரண்டு காவலர்கள், வீடியோ எடுக்கும் இளைஞர் என நின்றிருந்த அவர்கள் தேடியது உரிய ஆவணமின்றி எடுத்துச்செல்லப்படும் பணத்தை. காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னதும், நான் கைகள் இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வைத்தபடி, "ஐயா, திறப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே உரிமம் உள்ள துப்பாக்கி இருக்கிறது, ஸ்டேஷனில் ஒப்படைக்கக் கொண்டுபோகிறேன், காகிதம் பையில் இருக்கிறது" என்றேன். அதுவரை சலிப்போடு நின்றவர் சட்டென்று ஓர் அடி பின்வாங்கினார். மற்றவர் காரின் மறுபக்கம் வந்து நின்றார். "நீங்க எடுக்க வேண்டாம், நானே எடுக்கிறேன்" என்று சொல்லி உறையைப் பிரித்து, குழலில் பொறித்திருந்த எண்ணை ஓர் எழுத்து விடாமல் உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஆயுதம் கொண்டுசெல்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 19ஆவது பிரிவில், காவலருக்கு அளிக்கிறது. காட்டத் தவறினால் ஆயுதத்தைக் கைப்பற்றவும் முடியும். அவர் கேட்டது நியாயம்தான். அறிவிப்பில் இருந்த முத்திரையைப் பார்த்த பிறகே அலுவலரின் முகம் தளர்ந்தது. டிக்கி திறந்த பிறகு இதையே சொல்லியிருந்தால், அவ்வளவு அமைதியாக முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

காவல் நிலையத்தில் நேரம் பிடித்தது ரசீது எழுதுவதற்குத்தான். "துப்பாக்கி ஒன்று, தோட்டாக்கள்" என்று எழுதி முடிக்கப் பார்த்த எழுத்தரிடம், தயாரிப்பாளர் பெயர், குழல் எண், பன்னிரண்டு போர் (bore) என்ற குழல் அளவு, தோட்டாக்களின் எண்ணிக்கை, கட்டையில் இருந்த பழைய கீறல், குழலில் துரு இல்லை என்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவருக்கு எரிச்சல்தான். "நாளைக்கு உங்களுக்குப் பிறகு வருபவர் கணக்குக் கேட்டால் உங்களுக்கும் இது பாதுகாப்பு" என்று சொன்ன பிறகே வேறொரு தாளை எடுத்தார்.

தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்றே முடிந்துவிட்டது. வாக்கு எண்ணிக்கையோ ஜூன் 4. நடத்தை விதிகள் விலக்கப்பட்டது ஜூன் 6. முடிவு வெளியாகி ஒரு வாரம் ஆன பிறகே ஆயுதத்தைத் திருப்பித் தருவது முறை என்பதால், வட மாநிலங்களில் வாக்களித்து முடித்த பிறகும் எங்கள் துப்பாக்கி காவல் நிலையத்தில்தான் இருந்தது. நடத்தை விதிகள் பன்றிகளுக்கு இல்லை. பட்டாசும் தகரமும் வைத்து இரவுக் காவலுக்கு ஆள் போட்டும், கீழ்வயலில் பாதிச் சேனை போய்விட்டது.

ஜூன் மாதம் திரும்பப் பெறச் சென்றபோது குழலின் வாயோரம் மெல்லிய துரு படர்ந்திருந்தது. அறை ஈரமானது, குறை சொல்லிப் பயனில்லை. இருந்தாலும், ரசீதில் துரு இல்லை என்று எழுதியிருந்ததைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திடும் இடத்தில் அதைக் குறிப்பிட அனுமதி கேட்டேன். உதவி ஆய்வாளர் தயங்காமல் சம்மதித்தார். அசல் ரசீதை அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதால் முன்கூட்டியே நகல் எடுத்து வைப்பது அவசியம்.

உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமும் துப்பாக்கியை ஒப்படைக்கலாம் என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி இருந்தது. அவர்கள் வாடகை வாங்கினாலும் எண்ணெய் போட்டு வைப்பார்கள். அவர்கள் தரும் ரசீதின் நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த தேர்தலுக்கு அப்படித்தான் செய்வதாக இருக்கிறேன்.