ஓரம் வெட்டின கதை

யாழ்ப்பாணத்தில ஒரு பிரேம் கடையில பதினாலு வருசமா வேலை. சாமிப்படம், கலியாணப்படம், செத்தவீட்டுக்கு விடியமுதல் வந்து கதவைத் தட்டிக் கேக்கிற படம், இதுதான் நாளாந்தம். சட்டத்துக்குள்ள அடங்காத பேப்பரை வெட்டுறதுக்கு ஆரிட்டயும் கேக்கிற பழக்கம் எனக்கில்லை.

போன வருசம் பாரிசில இருந்து வந்த அக்கா ஒரு ஆள் அங்கத்தைய பழைய சாமான் சந்தையில வாங்கினதெண்டு ஒரு படம் தந்திட்டுப் போனவ. 19ஆம் நூற்றாண்டு எச்சிங்காம், தகட்டில கீறி அச்சடிக்கிற படமெண்டு பிறகுதான் தெரியும். நாலைஞ்சு கூரை, ஒரு சேர்ச் கோபுரம், குளத்தில ரெண்டு தாரா, மனிசர் ஒருத்தருமில்லை. எனக்குப் புத்தகத்தில கிழிச்ச தாள் மாதிரித்தான் கிடந்தது. படத்தைச் சுத்தி ஒரு பள்ளக்கோடு ஓடிச்சுது, வெட்டுறதுக்குத்தான் போட்டிருக்கு எண்டு நினைச்சு அதுக்கு ஒரு நூல் அளவு உள்ளுக்கு அடிமட்டத்தை வைச்சு நாலு பக்கமும் இழுத்துவிட்டன். வானம் மங்கலாக் கிடந்ததை அழுக்கெண்டு அழிறப்பரால தேய்க்கவும் பாத்தனான், நல்லகாலம் அதுக்குள்ள வேற ஆக்கள் வந்திட்டினம்.

பின்னேரம் அக்கா வந்து கனநேரம் குனிஞ்சு பாத்தா. "தம்பி, இதைச் சுத்தி ஒரு பள்ளம் இருந்ததே?"

பிறகு அவதான் விளங்கப்படுத்தினவ. செப்புத் தகட்டில மெழுகு பூசி ஊசியால கீறி, அமிலத்தில போட கீறின இடத்தை அது அரிக்குமாம், கனநேரம் அரிச்சால் கோடு கறுப்பு, வெள்ளன நிப்பாட்டினால் மெல்லிசு. மையை அப்பித் துடைச்சு, ஈரப் பேப்பரை மேல வைச்சு அமத்தி உருட்ட, தகட்டின்ர விளிம்பு பேப்பரில பதியும், நான் வெட்டினது அதைத்தான். வானத்து மங்கல் வேணுமெண்டே துடைக்காமல் விட்ட மை. கிராமமும் இடம்வலம் மாறித்தான் விழுமாம், கோபுரம் உண்மையில மற்றப்பக்கமாம். பாரிசில 1862ல எச்சிங்குக்கெண்டே ஒரு சங்கம் துவங்கினவையாம், டோபினி எண்ட ஓவியர் படகையே ஸ்ரூடியோவா மாத்தி ஆத்தங்கரைக் கிராமங்களைக் கீறினவராம். இந்தப் படம் ஆர் கீறினதெண்டு தெரியாது, அவ ஏசியிருந்தாலும் பரவாயில்லை, ஏசேல்லை.

மேசைக்குக் கீழ குந்தியிருந்து வெட்டின துண்டுகளைத் தேடினன். விரலால தடவ அந்த மேடு தட்டுப்பட்டுது. கவரில போட்டு சட்டத்துக்குப் பின்னால ஒட்டிக் குடுத்தன், காசு வாங்கேல்லை. மூண்டு துண்டுதான், நாலாவதை மத்தியானமே கூட்டி எரிச்சாச்சு.