வபாஷாவில் வாழும் பறக்க முடியாத கழுகுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரெட் விங் ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலை 61இல் மிசிசிப்பி ஆற்றை ஒட்டியே தெற்கே போனால், பெப்பின் ஏரி முடிந்து கொஞ்ச தூரத்தில் வபாஷா வருகிறது. சின்ன ஊர். குளிர்காலத்தில் அந்த மாநிலத்தின் ஏரிகளெல்லாம் இறுகிக் கிடக்கும்போது, சிப்பேவா ஆறு வந்து கலக்கும் இந்தப் பகுதியில் மட்டும் ஓட்டம் வேகமாக இருப்பதால் தண்ணீர் உறையாமல் ஓடும். தண்ணீர் திறந்திருந்தால் மீன் கிடைக்கும், மீனைத் தேடி வெண்தலைக் கழுகுகள் வந்து சேரும். அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல 1989இல் தன்னார்வலர்கள் ஆரம்பித்த முயற்சிதான் வளர்ந்து, இன்று ஆற்றங்கரையில் தேசியக் கழுகு மையமாக நிற்கிறது.

ஆற்றில் மீன் பிடிக்கும் கழுகுகளைவிட, கட்டடத்துக்குள் நிரந்தரமாக வாழும் கழுகுகளைப் பார்க்கத்தான் நான் போனேன். கார் மோதியது, உடலில் ஈய நச்சு ஏறியது, கண் போனது என்று, காட்டுக்குத் திரும்ப முடியாமல் போனதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்.

நடுவே கண்ணாடியோ கம்பியோ இல்லை. ஆற்றைப் பார்த்த பெரிய சன்னல்களின் அருகே, தாங்கு கட்டைகளின் மேல், காலில் தோல்வார் கட்டியபடி உட்கார்ந்திருக்கின்றன. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது எனக்கு முதலில் பேச்சே வரவில்லை. விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் சிறகு, ஆனால் எடை பெரும்பாலும் ஆறு கிலோவுக்குள்தான். ஒன்று குரல் கொடுத்தது. மெல்லிய, உடைந்த கீச்சொலி. சினிமாவில் கழுகைக் காட்டும்போது கேட்கும் கம்பீரமான அலறல் பெரும்பாலும் செவ்வால் பருந்தினுடையதாம்.

பறவையின் எலும்பு சீக்கிரம் கூடிவிடும். சிக்கலே அதில்தான். அடிபட்ட கழுகை யாராவது கண்டெடுப்பதற்குள் முறிவு கோணலாகக் கூடியிருக்கும், அல்லது மூட்டு இறுகியிருக்கும். அப்புறம் சிறகு முழுதாக விரியாது. அறைக்குள் நாலடி தாவும் கழுகால் ஆற்றில் மீன் பிடிக்க முடியாது. அதை வெளியே விட்டால் பட்டினியில்தான் சாகும். "பாவம், அவிழ்த்து விட்டுவிடலாமே" என்று பக்கத்தில் ஒரு குழந்தை கேட்டதும் விளக்குபவர் பொறுமையாகச் சொன்னது இதைத்தான்.

எனக்கு மிகவும் கனமாக இருந்த தகவல் வேறு. பறக்க முடியாத பறவை எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் இடம் கிடைப்பதில்லை. இரண்டு கண்ணும் போன பறவை, காலோ பாதமோ எடுக்க வேண்டிய பறவை, சிறகை முழங்கை மூட்டிலோ அதற்கு மேலோ வெட்ட வேண்டிய பறவை ஆகியவற்றை வலியில்லாமல் கொன்றுவிடுவதே பொதுவாக அமெரிக்க மத்திய அரசின் விதி. பிழைத்தவற்றிலும், மனிதர்கள் அருகில் நடமாடுவதைப் பதறாமல் தாங்கும் குணம் இருந்தால்தான் இப்படிக் கூட்டத்தின் நடுவே வைக்கலாம். பயந்து நடுங்கும் கழுகை முப்பது வருஷம் உயிரோடு வைத்திருப்பது கருணை ஆகாது. கடுமையான முடிவுதான், ஆனால் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மான் வேட்டையாடுகிறவர்கள் குடலைக் காட்டிலேயே விட்டுப் போகிறார்கள். ஈயத் தோட்டா உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். குளிரில் இரை கிடைக்காத கழுகு அந்தக் குடலைத் தின்கிறது. மிளகளவுத் துணுக்கே அதைக் கொல்லப் போதும். 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022இல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட ஈய நச்சு இருந்தது தெரிந்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளை 1991லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். மான் வேட்டைக்கும் செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது. டிடிடி பூச்சிமருந்தால் 1963இல், அலாஸ்கா நீங்கலாக, 417 இணைகளாகக் குறைந்துபோன பறவையை மீட்டெடுத்த நாடு, இதையும் செய்ய முடியும். செய்யாமல் இருப்பதுதான் எனக்குக் கோபம்.

அங்கே நடக்கும் பராமரிப்பைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும் பறவைக்கு உள்ளங்கால் புண்ணாகும் என்பதால் கட்டைக்குச் செயற்கைப் புல் சுற்றுகிறார்கள். தேயாமல் வளரும் அலகையும் நகத்தையும் செதுக்கி விடுகிறார்கள். எடை பார்ப்பது தவறாது, நோயை மறைப்பதில் கழுகு அவ்வளவு கெட்டி. உதிரும் இறகுகளையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அவை கொலராடோவில் உள்ள அரசுக் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து பூர்வகுடியினரின் சடங்குகளுக்குச் சேர்கின்றன.

ஹாரியட் என்ற கழுகின் கதையையும் அங்கே சொன்னார்கள். 1981இல் விஸ்கான்சினில் குஞ்சாக இருக்கையில் கால்வளையம் மாட்டப்பட்டு, 1998இல் கார் மோதிச் சிறகில் அடிபட்டுப் பறக்க முடியாமல் போய், அப்புறமும் பல ஆண்டுகள் இந்த மையத்தின் முகமாக வாழ்ந்தவள். மினசோட்டாவின் ஒரு வாகன எண் பலகையில் அவள் படம் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை போனால் ஆற்றிலும் கழுகுகள் இருக்கும். விளக்கவுரை நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், உணவு கொடுப்பதையும் பார்க்க வாய்ப்புண்டு. படமெடுக்க ஃபிளாஷ் வேண்டாம். அரைநாளாவது ஒதுக்குங்கள்.