சிங்கப்பூருக்கு ஐந்து மைல் முன்னால்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் அதே நான்கு மணி நேரம்தான். விமானம் ஓட்டுவதைக் கம்ப்யூட்டரில் அப்படியே செய்து பார்க்கும் நிரலுக்கு சிமுலேட்டர் என்று பெயர். நேரத்தை வேகமாக ஓடவிடும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் அதைத் தொடுகிறவனை எங்கள் கூட்டம் ஒரு மாதிரி பார்க்கும். எரிபொருள் கணக்குப் போட்டு, போகும் வழியைப் புள்ளி புள்ளியாகத் தட்டி, மீனம்பாக்கத்தில் ஓடுபாதை 07-க்கு முன்னால் நின்று, ஆளே இல்லாத கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி கேட்டு, அப்புறம்தான் ஏற வேண்டும். ஏறிய பிறகு வங்காள விரிகுடா. அங்கே ஒன்றுமே நடக்காது. அதுதான் அதன் அழகு என்பது என் கட்சி. வீட்டில் இந்தக் கட்சிக்கு வேறு உறுப்பினர் கிடையாது.

நான் சொல்லும் சிமுலேட்டர் எது என்று பெயர் வேண்டாம். 2000-களின் நடுவில் எழுதப்பட்ட 32 பிட் ஆள். ஆடுகிறவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். ஆடாதவர்களுக்குப் பெயரைச் சொன்னாலும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை. அந்தமான் கடலைத் தாண்டி, பினாங்கை இடது பக்கம் விட்டு, மலாக்கா நீரிணையில் இறங்கி, தெற்கே சுற்றி வந்து சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதை 02 இடதுக்கு நேராக நிற்கிறேன். சக்கரம் இறக்கியாயிற்று. இறங்குவதற்காக இறக்கையில் விரிக்கும் ஃப்ளாப் 30. இன்னும் ஐந்து மைல், ஆயிரத்து ஐந்நூறு அடி உயரம். விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைக்கும்போது ஒரு 'டிங்'. படம் அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு பெட்டி: உங்கள் கணினியில் நினைவகம் தீர்ந்துவிட்டது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பட்டன். 'சரியில்லை' என்று சொல்ல வழியே வைக்கவில்லை.

அழுத்தினேன். டெஸ்க்டாப்பில் போன வருஷம் கொடைக்கானலில் எடுத்த குடும்பப் படம் வந்து நின்றது. போயிங் 737 முழுக்க ஆளை ஏற்றிக்கொண்டு போனவன் தனியாகக் கொடைக்கானலில் நிற்கிறேன்.

"என்னங்க, வந்தாச்சா?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டார்.

"போகவே இல்லை."

"காலையிலேர்ந்து உட்கார்ந்து சிங்கப்பூர் போறீங்க. எங்க சித்தப்பா ஒரு தடவை போனதுக்கே தெருவுக்கெல்லாம் கோடாலித் தைலம் வந்துச்சு."

அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே பெட்டி. அதற்கடுத்த வாரம் ஏழு மைலிலேயே. சிமுலேட்டர் இப்படி நின்று விழுவதுகூடப் பரவாயில்லை; ஏறும்போதே விழுந்தால் வேறு வேலை பார்க்கலாம். ஒரு முழுப் பொழுதையும் வாங்கிக்கொண்டு, டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாத அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்துக்காகக் காத்திருந்து விழுகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

விஷயம் மச்சினன் காதுக்குப் போனது. எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், வருமான வரி மூன்றுக்கும் அவன்தான். வந்து, பெட்டியில் இருந்த எழுத்தைப் படித்தான். "மாமா, அதுதான் தெளிவா சொல்லுதே. மெமரி பத்தலை."

"பதினாறு ஜிபி இருக்குடா."

"அதான் பத்தலைங்குது."

ஆபீசில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய இரண்டு ரேமை மறுநாளே கொண்டு வந்து, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பெட்டியைத் திறந்து, செருகிவிட்டுப் போனான். இப்போது முப்பத்திரண்டு ஜிபி. கம்ப்யூட்டர் அதைக் காட்டவும் செய்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். சாங்கிக்கு ஐந்து மைல் முன்னால், ஆயிரத்து ஐந்நூறு அடியில், நினைவகம் தீர்ந்துவிட்டது.

ரேமுக்கும் இந்த நினைவகத்துக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான் என்பதை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியாது. உங்களிடம் முயன்று பார்க்கிறேன். 32 பிட் நிரல் தன் நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டையும் ஒரு எண்ணை விலாசமாகச் சொல்லித்தான் கூப்பிடும். 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 429 கோடி சொச்சம். அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 32 பிட் விண்டோஸாக இருந்தால் அதிலும் பாதியைப் பொதுவாக விண்டோஸே எடுத்துக்கொள்ளும். 64 பிட் விண்டோஸில், நிரலும் அதற்குத் தயார் என்று குறி போட்டிருந்தால், முழு 4 ஜிபியும் கிடைக்கும். அவ்வளவுதான். டிப்போவில் நூறு பஸ் சும்மா நிற்கட்டும். நீங்கள் ஏறிய பஸ்ஸில் சீட் எண் 55-ஓடு முடிந்துவிடுகிறது. மச்சினன் செய்தது டிப்போவுக்கு இன்னும் சில பஸ் வாங்கிக் கொடுத்த வேலை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சீட் மொத்தமாகத் தீர வேண்டும் என்றுகூட இல்லை. ஆறு பேர் கொண்ட குடும்பம் ஏறி, ஒரே வரிசையில்தான் உட்காருவோம் என்று அடம்பிடித்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து சீட் காலியாக இருந்தும் பிரயோஜனமில்லை. பெரிய படங்களை ஏற்றும்போது சிமுலேட்டர் இப்படித்தான் அடம்பிடிக்கும். இடம் இருக்கும்போதே இடமில்லை என்று விழும்.

அந்தக் காலத்தில் எழுதியவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஜிபி ரேம் இருந்தாலே ஊர் கூடிப் பார்த்த சமயம் அது. நான்கு ஜிபியை நிரப்ப ஒருவன் வருவான் என்று யார் கண்டார்கள்? பிறகு எக்ஸ்-பிளேன் என்ற வேறொரு சிமுலேட்டர் 2013-லேயே 64 பிட்டுக்குப் போனது, பிரிபேர்3டி என்ற இன்னொன்று 2017-ல் போனது. 64 பிட் நிரலுக்கு இன்றைய விண்டோஸ் 128 டெராபைட் வரை விலாசம் கொடுக்கிறது. அங்கே போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். இத்தனை வருஷம் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த விமானங்களும் விமான நிலையங்களும் அங்கே ஓடாது. மொத்தத் தொகையை மனைவியிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்பதால் இங்கேயும் எழுத முடியவில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்தேன். சில தடவை அந்தப் பெட்டிகூட வராமல் சிமுலேட்டர் காணாமல் போயிருந்தது. அப்போதெல்லாம் குற்றவாளி என்டிடிஎல்எல் என்று எழுதியிருந்தது. அது விண்டோஸில் ஓடும் எல்லா நிரலுக்கும் அடியில் கிடக்கும் கோப்பு. விழுந்த இடத்தின் பெயரைத்தான் பதிவு சொல்கிறது. தள்ளியவன் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பெயரைத் தேடி இணையத்தில் போனால் கிடைப்பதெல்லாம் தலைவலி. அடுத்தது டாஸ்க் மேனேஜர். அது சாதாரணமாகக் காட்டும் கணக்கு, நிரல் அப்போதைக்குப் பிடித்திருக்கும் ரேம் மட்டும். அதைப் பார்த்தால் எல்லாம் சௌக்கியமாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியது ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரலில், எடுத்துக்கொண்ட விலாசங்களின் மொத்தத்தைக் காட்டும் 'விர்ச்சுவல் சைஸ்' என்ற பத்தி. அது தானாக வராது, நாம் சேர்க்க வேண்டும். சேர்த்து வைத்து ஒரு முழுப் பயணத்தை நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன். சென்னையில் இரண்டரை ஜிபிக்கு அருகில் தொடங்கியது. கடலுக்கு மேலே கிட்டத்தட்ட அசையவே இல்லை; தண்ணீருக்கு என்ன செலவு. மலேசியக் கரை தெரிந்ததும் மரம், வீடு, கட்டிடம் என்று ஏற ஆரம்பித்தது. சாங்கியின் கட்டிடங்கள் உள்ளே வந்தபோது எகிறியது.

சிமுலேட்டரோடு ஆரம்பத்திலிருந்தே ஒரு சின்ன உதவி நிரலையும் போட்டிருந்தேன். காலியிடம் ஓர் அளவுக்குக் கீழே போனால் 'டிங்' அடிக்கும். முதல் தடவை கேட்ட டிங் அதுதான். அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன், முன்கூட்டியே தெரியட்டும் என்று. ஹெட்போன் போட்டுக்கொண்டால் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில்தான் வைத்திருப்பேன்.

கோலாலம்பூரைத் தாண்டும்போது டிங் வந்தது. அம்மா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். மூடினார். வந்து உட்கார்ந்தார். டிங். மறுபடி போனார். மூன்றாவது டிங்குக்கு மாடிப்படிக்கே போய்விட்டார். மேல்வீட்டுப் பையன் பெல்லை அடித்துவிட்டு ஓடுகிறான் என்பது அவர் முடிவு. நான் மூவாயிரம் அடியில் வேகம் குறைத்துக்கொண்டிருந்தேன், எழுந்து போய்ச் சொல்ல முடியவில்லை. பையனின் அம்மாவும் இறங்கி வந்து, "அவன் ட்யூஷன் போயிருக்கான் ஆன்ட்டி" என்று சத்தியம் பண்ணி, பேச்சு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து வரிசையாக டிங் டிங் டிங். பிறகு அமைதி. கொடைக்கானல்.

"உன் பிளேன்தானாடா பெல் அடிக்குது?" என்றார் அம்மா. ட்யூஷன் முடிந்து வந்த பையனுக்கு அன்று எங்கள் வீட்டிலிருந்து இரண்டு முறுக்கு போனது.

சரி, வெட்ட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். முதலில் விமான நிலையங்களையும் ஊர்களையும் வரைந்து காட்டும் காட்சித் தொகுப்புகளின் பட்டியல். சிங்கப்பூர் போகிறவனுக்கு லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஃபிராங்க்ஃபர்ட் எல்லாம் டிக் போட்டு இருந்தன. தூரத்தில்தானே இருக்கின்றன என்று விட முடியாது. சில தொகுப்புகள் நாம் பக்கத்திலேயே போகாவிட்டாலும் இடம் பிடிக்கும். சென்னை, சாங்கி இரண்டைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தேன். ஐரோப்பா காலி.

அடுத்து படங்கள். பக்கத்துக்கு 4096 புள்ளி கொண்ட ஒரு சதுரப் படம், சுருக்கிய வடிவத்திலேயே 16 எம்பி பிடிக்கும். பக்கத்துக்கு 1024 ஆக்கினால் 1 எம்பி. பதினாறில் ஒரு பங்கு. நான் வாங்கிய மேகங்கள் எல்லாம் 4096. மேகத்துக்குப் போய் எதற்கு இவ்வளவு துல்லியம்? அதை 1024 ஆக்கியதும் அறைக்குள் எதேச்சையாக வந்த மனைவி, "முன்னாடி மேகம் நல்லா இருந்துச்சே" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை, நான் அழித்த பிறகு வந்தது.

விவரம் எவ்வளவு தூரம் வரைக்கும் தெரிய வேண்டும் என்று ஓர் எண் அமைப்புக் கோப்பில் இருக்கும். சிமுலேட்டர் தரும் அதிகபட்சம் 4.5. கோப்பைத் திறந்து 6.5 ஆக்கினால் தூரத்து மலைகூடக் கூர்மையாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், செய்து பார்த்தால் உண்மைதான். ஆனால் பரப்பு ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று எட்டாம் வகுப்பில் படித்தது அப்போது யாருக்கும் ஞாபகம் வராது. 6.5-க்கு இரண்டு மடங்குக்கு மேல் நிலம் வந்து இறங்கும். 4.5-க்கே திரும்பினேன். மலை மங்கலாகத்தான் இருந்துவிட்டுப் போகட்டும், பனி என்று வைத்துக்கொள்கிறேன்.

சாங்கித் தொகுப்பை ஆராய்ந்ததில் அதைச் செய்தவர் முனையத்துக்கு உள்ளேயும் போயிருந்தார். நாற்காலி, பூந்தொட்டி, பெட்டிகள் சுற்றும் பெல்ட். 140 நாட் வேகத்தில் இறங்குகிறவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து பூந்தொட்டியை ரசிப்பான் என்று எப்படி நினைத்தார்? நல்ல வேளை, உள்ளலங்காரத்தைத் தனியாக அணைக்கும் வசதி இருந்தது.

கடைசி வித்தை பழைய ஆட்களுக்கெல்லாம் தெரிந்தது. நீண்ட பயணத்தில் சேர்ந்த குப்பை தானாகப் போகாது. சிமுலேட்டரை மூடினால்தான் போகும். ஆகவே அந்தமான் கடலுக்கு மேல், 37,000 அடியில், பயணத்தைச் சேமித்துவிட்டு சிமுலேட்டரை மூடி, மறுபடி திறந்து அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். நடுக்கடலில் விமானத்தை மூடிவைத்துவிட்டுச் சாப்பிட வந்தேன். "அது அங்கேயே நிக்குமாடா?" என்று அம்மா கவலையாகக் கேட்டார். நிற்கும் என்றேன். எழுந்து போனபோது அது நின்றுதான் இருந்தது. விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கி மட்டும் எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு பறந்த விமானத்தை நிமிர்த்துவதற்குள் மோர்சாதம் மேலே வந்துவிட்டது.

கோலாலம்பூரில் டிங் இல்லை. அம்மா ஒரு பழக்கத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து மைல். ஆயிரத்து ஐந்நூறு அடி. வெளிக்காட்சிக்கு மாறிப் பார்க்கக் கை பரபரத்தது. விமானத்தின் வெளிப்புறப் படங்கள் அத்தனையும் அந்த நேரத்தில் ஏறும் என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன், ஓட்டும் கையைத் தவிர. மூன்று மைல். ஒரு மைல். சக்கரம் தரையைத் தொட்டது. கொஞ்சம் பலமாகத் தொட்டது என்று சொல்வது நியாயம். ஓடுபாதையை விட்டு விலகி, வாயிலில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். அளவைப் பார்த்தேன்: கிட்டத்தட்ட 600 எம்பி மீதம். பெருமூச்சு விட்டு, வெளியேறு என்பதை அழுத்தினேன்.

உறைந்தது. பெட்டி வந்தது. சிமுலேட்டர் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டதாம். நிறுத்தத்தானே அழுத்தினேன்.

ராத்திரி மச்சினன் போன் பண்ணினான். அக்கா சொல்லியிருப்பார். இறங்கியாச்சு என்றேன். விலாசம், மேகம், ஆரம் எல்லாம் சொல்லத் தொடங்குவதற்குள் அவனே பேசினான்.

"நான் சொன்னேன்ல மாமா? புது ரேம் செட் ஆகக் கொஞ்ச நாள் எடுக்கும். இனிமே பாருங்க, எங்கேயும் நிக்காது."

மூடும்போது விழுந்ததைச் சொன்னேன். ஒரு நொடி யோசித்தான்.

"அப்போ எஸ்எம்பிஎஸ்தான் மாமா, உள்ளே கரண்ட் குடுக்கிற பெட்டி. ஆபீஸ்ல ஒண்ணு கழட்டி வச்சிருக்கேன், சனிக்கிழமை கொண்டு வர்றேன்."